முதுகைக் காட்டி நிற்கிறேன், சொல்லு

மகன்,

இதை உன் கையில் தந்தவன் உன் அண்ணன் குணம். தந்துவிட்டுப் போயிருக்க மாட்டான். வயல் ஓரத்தில் மோட்டார்சைக்கிளை நிறுத்தி, அதில் சாய்ந்துகொண்டு, உன் பக்கம் பார்க்காதவன் போல நிற்பான். நான்தான் நிற்கச் சொன்னேன். அறுவடை கிடக்கிறது, பிறகு வாசிப்போம் என்று நீ இதைச் சட்டைப் பையில் மடித்து வைப்பாய் என்று எனக்குத் தெரியும். வைக்காதே. மற்றப் பொடியன்கள் இல்லாத நேரம் பார்த்து வயல் குடிலுக்குள், அந்த வாடிக்குள் போய் இருந்து வாசி. என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். அண்ணன் பெண்சாதி சாந்தி, தான் எழுதித் தருகிறேன் என்று கேட்டாள். அவள் எழுதினால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் தன் தாயைப் பற்றி நான் சொல்வதை எல்லாம் விழுங்கிவிடுவாள். அதனால் நானே எழுதுகிறேன்.

விசயத்துக்கு வருகிறேன். உன் கலியாணத்துக்குக் கூறை எடுக்கப் புளியந்தீவுக்குப் போனோமே, அன்று முழுக்க நான் சேலையைப் பார்க்கவில்லை, உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரன் விரித்துப் போட்டதை எல்லாரும் தடவிக்கொண்டிருக்க, நீ வாங்குப் பலகையில் ஒரு பக்கமாகச் சரிந்து இருந்தாய். எழும்பும்போது திரும்பி நின்று காற்சட்டையை இழுத்து விட்டாய். அதோடு நின்றிருந்தால் நான் மறந்திருப்பேன். வீட்டுக்கு வந்து கிணற்றடியில் குளித்தாய். சின்ன வயதிலிருந்து ஊர் பார்க்கக் குளித்தவன், அன்று படங்குச் சீலையை இழுத்து மறைப்புக் கட்டிக்கொண்டு குளித்தாய். ஊத்தைச் சாரங்களைப் பொட்டலமாகக் கட்டி எனக்கு அனுப்புகிறவன், அன்று உன் சாரத்தை நீயே அலசிக் கொடியில் போட்டாய். நான் கேட்டேன்.

"என்ன மனே, ஒரு மாதிரி இருக்கிறாய்? எங்கயும் நோகுதா?"

"நோ ஒண்டும் இல்லம்மா. மோட்டார்சைக்கிள் சறுக்கினது. பெற்றோல் டாங்கியில கொஞ்சம் அடிபட்டுட்டுது."

"எங்க அடிபட்டது?"

"விடுங்கம்மா. கலியாணம் முடிய எல்லாம் சரியாகிடும்."

அடிபட்டது, ஆனால் நோ இல்லை. அதே பேச்சை இந்தக் காதால் ஒரு தடவை கேட்டிருக்கிறேன். அப்போது மோட்டார்சைக்கிள் இல்லை. அப்போது அலை.

அம்மாவுக்கு எல்லாவற்றிலும் சந்தேகம் என்று நீ சொல்வாய். ஓம், சந்தேகம்தான். நான் சந்தேகப்பட்டபடியால்தான் நீ இன்று மாப்பிள்ளை. இயக்கத்துக்குப் பிள்ளை பிடித்த காலம் அது, சந்தித் தேத்தண்ணிக் கடையில் முகம் தெரியாத இரண்டு பேர் இருந்து, உனக்கு எத்தனை வயது என்று கேட்டார்கள் என்று காதில் விழுந்த கிழமையே உன்னைக் கொழும்புக்கு அனுப்பி, ஒரு சாமான் கடையில் வேலைக்கு விட்டேன். படிக்கிற பிள்ளையைப் படியளக்க விட்டாய் என்று நீ இன்றைக்கும் முகத்தைத் தூக்குகிறாய். தூக்கு. முகம் இருக்கிறபடியால்தான் தூக்குகிறாய். உன்னோடு படித்தவர்களில் சிலருக்கு அதுவும் இல்லை. நீ கொழும்பில் இருந்த காலத்தில்தான் அந்தச் சுனாமி அலை வந்தது, அப்பா போனார், அண்ணனுக்கு வருத்தம் வந்தது. அண்ணனுக்குக் குடலிறக்கம், ஒப்பரேஷன் செய்தார்கள் என்று உனக்குச் சொன்னோம். அது பொய். அவனுக்கு வந்தது விதையில் புற்றுநோய். இதை எழுத அவன் சம்மதம் தந்துவிட்டான். நேற்று நான் கேட்டபோது அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "எழுதுங்கம்மா" என்றான்.

அலை வந்த அன்று அண்ணன் தோணி இழுக்கப் போனவன். தென்னையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றபோது, கூரை மரம் ஒன்று வந்து அவன் தொடையிடுக்கில் இடித்தது. அதை அன்றைக்கே சொன்னான். அப்பாவைத் தேடித் திரிந்த நாட்களில் அது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. பிறகு நாங்கள் பள்ளிக்கூடத்து முகாமில் இருந்தோம். ஒரு வகுப்பறைக்குள் நாலு குடும்பம், நடுவில் சேலைதான் சுவர். அங்கே யாருக்கு எது வந்தாலும் அலையின் கணக்கில்தான் போகும். இருமினால் கடல்தண்ணி குடித்தது. பல் ஆடினால் அலை அடித்தது. பூமணி மாமிக்குக் கோபம் வந்தால்கூட அலையில் தலை அடிபட்டது என்றார்கள். அலைக்கு முதலே அந்த மனிசி அப்படித்தான் என்று எனக்குத் தெரியும், ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை.

முகாமில் வெளிநாட்டு டொக்டர்மார் வந்து ஒரு கூடாரம் போட்டார்கள். அதற்குள் தமிழை இங்கிலீசில் மாற்றிச் சொல்ல இருந்தவள் சாந்தி. அவள் அப்போது உன் அண்ணனின் பெண்சாதி அல்ல, பூமணி மாமியின் மகள், அப்பாவின் தங்கை பெற்றவள், உங்கள் இருவருக்கும் கட்டுகிற முறையிலான மச்சாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தபடியால் இங்கிலீசு வரும். உன் அண்ணன் வரிசையில் நின்று நின்று உள்ளே போவான். எதிரில் டொக்டர், பக்கத்தில் மச்சாள். அவள் வாயால் அந்த வார்த்தை அந்த வெள்ளைக்காரனுக்குப் போக வேண்டும். எந்தப் பொடியன் சொல்லுவான்?

"என்ன வருத்தம் மச்சான்?"

"தலையிடி."

பனடோல் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அடுத்த கிழமை இன்றைக்காவது சொல்லிவிடுவோம் என்று திரும்பப் போவான். அவளே இருப்பாள்.

"திரும்பவும் தலையிடியா?"

"ஓம்."

"உங்கட தலைக்குள்ள என்னதான் கிடக்கு மச்சான்?"

வரிசையில் நின்ற பொடியன்கள் எல்லாம் அவன் அவளைப் பார்க்கத்தான் போகிறான் என்று சிரித்தார்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. ஆனால் அதைவிடப் பெரிய சந்தேகம் வந்தது பாயை உதறிய நாளில்தான். அவன் பாய்க்கு அடியில் பனடோல் அட்டை அட்டையாகக் கிடந்தது. ஒரு குளிசைகூட உடைக்கவில்லை. அந்தக் காலம் எப்படிப்பட்டது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மருந்து சேர்க்கிறவன் யாருக்குச் சேர்க்கிறான்? காட்டுக்குள் இருக்கிறவர்களுக்குத்தான். அதிலும் எந்தப் பக்கத்துக் காடு? இயக்கம் இரண்டு பக்கமாகப் பிரிந்து, ஆளை ஆள் சுட்டுக்கொண்டிருந்த நாட்கள். நான் அவனைப் பள்ளிக்கூடத்துத் தண்ணித் தாங்கிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனேன்.

"ஆருக்குடா இந்த மருந்து?"

"எனக்குத்தான்மா."

"உனக்கு என்ன வருத்தம்?"

"தலையிடி."

"தலையிடிக்குக் குடிச்சா அட்டை வெறுமையா எல்லோ இருக்கோணும்? என்னைப் பேயெண்டு நினைச்சியா? அப்பாவையும் குடுத்துட்டன். உன்னையும் குடுக்கச் சொல்றியா? ஆரிட்டக் குடுக்கிறாய், பேரைச் சொல்லு."

நான் கையை ஓங்கினேன். அப்போது சொன்னான்.

"அம்மா, கிறுகி நில்லுங்க. உங்கட முகத்தப் பாத்து என்னால ஏலாது. கிறுகி நில்லுங்க, சொல்றன்."

நான் திரும்பி, அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தாங்கிச் சுவரைப் பார்த்து நின்றேன். என் முதுகுக்குத்தான் அவன் எல்லாவற்றையும் சொன்னான். மரம் இடித்த இடத்தில், வலப் பக்கத்து விதையில் கட்டியாக இருக்கிறது. முதலில் கடலை அளவு, இப்போது நல்லாகப் பெருத்துவிட்டது. பாரமாக இழுக்கிறது. நோ இல்லை. அலை அடித்தபடியால் அப்படி, தானாக வற்றும் என்று பார்த்திருந்தானாம். இத்தனை பேர் செத்த ஊரில் இந்த வீக்கத்தை எப்படிப் போய்ச் சொல்வது என்று வெட்கப்பட்டானாம்.

குடும்பத்து விசயம் என்றால் நம் வழக்கப்படி தாய்மாமனிடம்தான் போக வேண்டும். பெரிய மாமா கேட்டுவிட்டு, "அந்த இடத்த டொக்டருக்குக் காட்டினா ஊர் முழுக்கத் தெரிய வரும். மறுகா ஆர் பொண்ணு குடுக்கிறது?" என்றார். ஆற்றைக் கடந்து ஒரு நாட்டு வைத்தியப் பரியாரியிடம் கொண்டுபோனார். அந்த மனிசன் தொட்டுப் பார்த்தார், அமத்திப் பார்த்தார். "நோகுதா?" என்று கேட்டார். அண்ணன் இல்லை என்றான். "நோ இல்லையெண்டா பயமில்ல. இது அண்டவாயு. அலையில அடிபட்டதால இறங்கியிருக்கு" என்று எண்ணெய் தந்தார், இலை வாட்டிக் கட்டச் சொன்னார். மாதக்கணக்காக நான் இலை வாட்டினேன். அந்த இலை வாடுகிற மணம் இன்றும் வந்தால் எனக்குப் பெரிய மாமாவின் முகம்தான் ஞாபகத்துக்கு வரும். மனிசன் செத்துப்போய்விட்டார். அதற்காக நான் விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று நினைக்காதே.

ஒரு நாள் என் கால் புண்ணுக்கு மருந்து கட்ட அந்தக் கூடாரத்துக்குப் போனேன். சாந்தி என்னை ஒரு பக்கமாக இழுத்தாள்.

"மாமி, மச்சானுக்குத் தலையிடி இல்ல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தலையிடிக்காரன் காலை அகட்டி நடக்க மாட்டான்."

"ஆம்பிளப் பிள்ளைட நடையைப் பாக்கவா உன்னை இஞ்ச வச்சிருக்கு?"

"பாக்காம விட்டா இன்னும் கொஞ்ச நாளையில நடக்கவே மாட்டார். என்னை ஏசுறதெண்டா மறுகா ஏசுங்க. ஆளை இண்டைக்கு அனுப்புங்க. நான் உள்ளுக்கு நிக்க மாட்டன்."

அவள் சொன்னபடியே வெளியில் வந்து நின்றாள். உள்ளே டொக்டரும் அண்ணனும் மட்டும். டொக்டருக்குத் தமிழ் தெரியாது, அண்ணனுக்கு இங்கிலீசு தெரியாது. சாந்தி அந்த டொக்டருக்கு ஒரே ஒரு வார்த்தையைப் பழக்கிவிட்டு வந்திருந்தாள். "நோகுதா?" அவர் கையுறை போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, அந்த ஒரு வார்த்தையை வளைத்து நெளித்துக் கேட்டாராம். அண்ணன் இல்லை என்று தலையை ஆட்டினான். பரியாரிக்குப் பயம் போன இடத்தில் இந்த மனிசனுக்குப் பயம் வந்தது. அண்ணன் சொல்வான், அவர் முகம் அப்படியே மாறிப்போனது என்று. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதி, தங்கள் வாகனத்திலேயே புளியந்தீவுக்கு அனுப்பி, பெரியாஸ்பத்திரியில் காட்ட வைத்தார்.

ஸ்கேன் எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். அடிவயிற்றுக்குக் கீழே, தொடை மடிப்பில் வெட்டி, அந்த ஒரு விதையை எடுத்துவிட்டார்கள். அதற்குள் நோய் வயிற்றுக்குள் இருக்கிற நெறிக்கட்டிகளுக்கும் போயிருந்தது. அதனால் கொழும்புப் பக்கத்துப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் ஊசி மருந்து ஏற்ற வேண்டி வந்தது. முடி கொட்டியது, சத்தி எடுத்தான், சோற்று மணம் பிடிக்காமல் கிடந்தான். ஆனால் இந்தப் புற்றுநோய், பரவிவிட்டாலும்கூட, மருந்துக்கு மடங்குகிற வகை என்று டொக்டர் சொன்னார். கட்டி கடலை அளவில் இருந்தபோதே வந்திருந்தால் அநேகமாக வெட்டோடு முடிந்திருக்கும், இந்த வேதனை எல்லாம் பட்டிருக்கத் தேவையில்லை என்றும் சொன்னார். அலையைப் பற்றியும் கேட்டேன். அலையும் மரமும் இதைக் கொண்டுவரவில்லை, அடிபட்டபடியால் அவன் கை அங்கே போனது, கை போனபடியால் ஏற்கெனவே இருந்தது தெரிந்தது, அவ்வளவுதான் என்றார். மோட்டார்சைக்கிளுக்கும் இதுதான் கணக்கு. விளங்குகிறதா?

இன்னொன்றும் நடந்தது. சண்டை திரும்பத் தொடங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், ஓட்டமாவடி கழிந்து, சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். மொட்டைத் தலையோடு ஒரு தமிழ்ப் பொடியன். உடம்பில் தழும்பு இருந்தால் அந்த நாளில் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். அண்ணனைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய்ச் சாரத்தை இறக்கச் சொன்னார்கள். நான் றோட்டில் நின்று கும்பிடாத சாமி இல்லை. ஆஸ்பத்திரிக் கார்ட்டை ஒரு ஆமிக்காரப் பொடியன் வாங்கி வாசித்தான். உன் வயதுகூட இருக்காது. கூட நின்றவர்களை அங்காலே அனுப்பிவிட்டு, சிங்களத்தில் மெதுவாக ஏதோ கேட்டான். வார்ட்டில் கிடந்து பழகினதில் அண்ணனுக்கு அந்த அளவு சிங்களம் விளங்கும். பிறகு பஸ்ஸில் எனக்குச் சொன்னான்.

"நோ இருந்ததா எண்டு கேட்டவன்மா."

"நீ என்ன சொன்னாய்?"

"இல்லையெண்டன். கார்ட்டைத் திருப்பித் தந்துட்டு அப்படியே நிண்டவன்."

அவனை எனக்குப் பிடிக்காது. என் பிள்ளையை றோட்டோரம் உரிந்து பார்த்தவனை நான் மறக்கவும் மாட்டேன். ஆனால் எதற்காக ஒருவன் அப்படி ஒரு கேள்வியைக் கேட்பான் என்று அன்று முழுக்க யோசித்தேன். அவனுக்கும் அது இருந்தது என்றுதான் என் சந்தேகம். அவனும் போய்க் காட்டியிருக்க வேண்டும். அவனுக்கும் எங்கேயோ ஒரு தாய் இருந்திருப்பாள்.

சண்டை முடிந்த அந்த வைகாசியில் எங்களுக்குக் கொழும்பில் கிளினிக் இருந்தது. படத்தைப் பார்த்துவிட்டு, உடம்பில் ஒன்றும் இல்லை, இனி வருசத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்றார்கள். வெளியில் வந்தால் சண்டை வென்றாச்சு என்று வெடி கொளுத்துகிறார்கள், கொடி ஆட்டுகிறார்கள், பஸ்ஸை மறித்துப் பாற்சோறு கொடுக்கிறார்கள். வாங்காவிட்டால் பார்ப்பார்கள், வாங்கினால் தொண்டைக்குள் இறங்காது. பிள்ளை பிழைத்த சந்தோசத்தைக்கூட எங்களால் முகத்தில் காட்ட முடியவில்லை, காட்டினால் அது எந்தச் சந்தோசத்தோடு சேருமோ என்று. பாற்சோற்றை மடியில் வைத்துக்கொண்டே உன் கடைக்கு வந்தோம். நீ படியை இறக்கி வைத்துவிட்டு, "என்னம்மா திடீரெண்டு?" என்றாய். "அண்ணன்ட குடலிறக்கம் காட்ட வந்தம்" என்று நான் சொன்னேன். நீ இலையைப் பிரித்து அந்தச் சோற்றைச் சாப்பிட்டாய். உனக்குப் பசி.

ஏன் மறைத்தோம் என்று கேட்பாய். அண்ணன் கேட்டுக்கொண்டான், ஊர் வாய் அப்படி. எவ்வளவு மறைத்தும் பூமணி மாமிக்கு எட்டிவிட்டது. சாந்தி அவனைத்தான் கட்டுவேன் என்று நின்றபோது, அந்த மனிசி கோயில் வீதியில், ஆட்கள் கேட்க, "என்ட மகளை ஒரு அரை ஆம்பிளைக்குக் குடுக்க ஏலாதுகா" என்றாள். சாந்தி குரலை உயர்த்தவில்லை. "அப்பாவுக்கு எல்லாம் முழுசாத்தானே இருந்தது? மறுகா ஏன்மா நம்மளை விட்டுட்டு மற்றவளோட போனவர்?" என்று கேட்டாள். மாமி சேலைத் தலைப்பை உதறிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். ஒன்று இருந்தால் போதும், குடும்பம் நடத்தவும் முடியும், பிள்ளையும் பெறலாம் என்று டொக்டர் அவர்கள் இருவரையும் இருத்தி வைத்துச் சொல்லியிருந்தார். ஊசி மருந்து ஏற்றினால் கொஞ்சக் காலம் பொறுக்க வேண்டும் என்றார், பொறுத்தார்கள். இப்போது அவர்களுடைய மகள் என் மடியில் இருந்துகொண்டு இந்தப் பேனையைப் பறிக்கிறாள். மூக்கு அச்சு அசல் பூமணி மாமியின் மூக்கு. அதையும் நான் பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். சாந்தி மேலும் எனக்கு ஒரு கோபம் உண்டு. பெற்ற எனக்குத் தெரியாத நடை அவளுக்கு எப்படித் தெரிந்தது? அந்தக் கோபம் கிடக்கட்டும், அது எனக்குத் தேவையாக இருக்கிறது.

இதைக் கவனமாக வாசி. கிளினிக்கில் டொக்டர் அண்ணனிடம் கேட்டார், "சகோதரம் இருக்கா?" தம்பி ஒருவன் என்றான். ஒருவனுக்கு வந்தால் கூடப் பிறந்தவனுக்கும் வருவதற்கு மற்றவர்களை விடக் கூட வாய்ப்பிருக்கிறது, அவனைத் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளச் சொல் என்றார். நான் சொல்லுகிறேன் என்று அண்ணன் பொறுப்பு எடுத்தான். சொல்லியிருக்க மாட்டான் என்பது என் சந்தேகம். போன கிழமை கேட்டேன். "சொல்லத்தான் இருந்தன்மா" என்றான். இரண்டு ஆம்பிளைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்து மீன் விலை பேசுவீர்கள், கிரிக்கெட் பேசுவீர்கள், இதைப் பேசமாட்டீர்கள். பதினைந்து வயதிலிருந்து நாற்பது வரைக்கும், நல்ல திடகாத்திரமாக நிற்கிறவர்களைத்தான் இது கூடத் தேடி வருமாம். அப்படிப்பட்டவனுக்குத்தான் ஆஸ்பத்திரி என்றால் இளக்காரம்.

எப்படிப் பார்ப்பது என்று அண்ணனிடம் கேட்டேன். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான், நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். மாதத்துக்கு ஒரு தடவை, சுடுதண்ணியில் குளித்து அந்தத் தோல் தளர்ந்திருக்கிற நேரத்தில், நின்றுகொண்டு, ஒவ்வொன்றாக, பெருவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவில் வைத்து மெதுவாக உருட்டிப் பார்க்க வேண்டுமாம். ஒன்று மற்றதை விடக் கொஞ்சம் பெரிதாகவோ கீழே தொங்கியோ இருப்பது இயற்கை. பின்பக்கத்தில் மெத்தென்று கயிறு மாதிரி ஒன்று தட்டுப்படும், அதுவும் பிறவியிலேயே உள்ளது, அதற்குப் பயப்படாதே. விதையில் கல்லுப் போல ஏதாவது தட்டுப்பட்டால், அது நெல்மணி அளவாக இருந்தாலும், அல்லது வீக்கம், பாரம், முன்பு இல்லாத மாற்றம் எது இருந்தாலும் டொக்டரிடம் போக வேண்டும். அடிவயிற்றில் இழுவை, விடாத இடுப்பு நாரி நோ, மார்பில் வீக்கம் என்றும் சிலருக்கு வருமாம். நோ இல்லை என்பதை ஆறுதலாக எடுக்கக் கூடாது. திடீரென்று தாங்க முடியாத நோ வந்தால் அது வேறு, விதை முறுகிக்கொள்வது, அதற்கு அந்த நேரமே ஓட வேண்டும், விடியட்டும் என்று பார்க்கக் கூடாது. எல்லாக் கட்டியும் புற்றுநோய் அல்ல. தண்ணி கோத்திருக்கலாம், நரம்பு தடித்திருக்கலாம், கிருமியாக இருக்கலாம். எது என்று ஸ்கேன்தான் சொல்லும். நானும் சொல்ல முடியாது, நீயும் சொல்ல முடியாது, எண்ணெய் தருகிறவனும் சொல்ல முடியாது. ஸ்கேன் எடுக்காமல் யாரையும் அங்கே ஊசியால் குத்த விடாதே. உன்னோடு வயல் வெட்டுக்கு நிற்கிற பொடியன்களுக்கும் இந்த இடத்தை வாசித்துக் காட்டு. சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, குளிக்கும்போது பார்ப்பார்கள். அது போதும்.

கலியாணத்துக்கு முதலே ஏன் அவசரப்படுகிறேன் என்றால், நம் வழக்கம் உனக்குத் தெரியும். தாலி கட்டினதோடு நீ பெண்ணின் ஊருக்குக் குடிபோய்ப் பழுகாமத்துக்காரன் ஆகிவிடுவாய். கலாவின் வீடு, கலாவின் வளவு. அங்கே உனக்கு முதல் சோறு, நல்ல பாய், பெரிய மரியாதை. மாமியார்க்காரி உன் முகத்துக்கு நேரே நின்று பேசவே மாட்டாள், கதவு மறைவில் நின்றுதான் "சாப்பிட்டாச்சாமா?" என்று மகளைக் கேட்க விடுவாள். புது மாப்பிள்ளை ஒரு பக்கமாகச் சரிந்து இருந்தால் அது ஒரு மிடுக்கு என்று நினைத்துக்கொள்வார்கள். கலா நல்ல பிள்ளை, ஆனால் சின்னப் பிள்ளை. கண்டாலும் கேட்க வெட்கப்படுவாள். மரியாதை கூடின வீட்டில் ஒருவனும் உன்னைக் கேள்வி கேட்க மாட்டான். என் வீட்டில் உனக்கு மரியாதை இல்லை, அதனால் கேட்கிறேன். போய் வந்த பிறகு கலாவுக்கும் நீயே சொல்லு. எது வந்தாலும் சொல்லு. மறைத்து ஒரு குடும்பம் தொடங்க வேண்டாம். அவள் வீட்டார் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பூமணி மாமியையே கண்டவள் நான்.

ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். மோட்டார்சைக்கிள் டாங்கியாகவே இருக்கலாம். அப்படியென்றால் வந்து என் முகத்துக்கு நேரே சிரி. கிழவிக்கு விசர் என்று வயலெல்லாம் சொல்லித் திரி. நான் அதையும் மறக்காமல் வைத்திருந்து, உன் பிள்ளைகளுக்குச் சொல்லுவேன். ஆனால் அந்தச் சிரிப்பை டொக்டர் பார்த்த பிறகுதான் சிரிக்கலாம்.

கூறைச் சேலையை என் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறேன். திறப்பு என் இடுப்பில் இருக்கிறது. சாந்தி கேட்டாள், கொடுக்கவில்லை. பெண் வீட்டார் நாளைக் குறித்துவிட்டார்கள் என்று பயப்படாதே. மாப்பிள்ளையின் தாய்க்குக் காய்ச்சல் என்று ஒரு சொல் அனுப்பினால் நாள் தள்ளிப் போகும். காய்ச்சலில் படுக்க நான் ஆயத்தம். அண்ணன் கட்டிக்கொண்டு வந்திருக்கிற சோற்றைச் சாப்பிடு. சாப்பிட்டுவிட்டு அவன் பின்னால் ஏறு. வழியில் அவன் ஒன்றும் பேச மாட்டான், உனக்கும் பேச வராது. பரவாயில்லை. ஆஸ்பத்திரியில் அவன் உன்னோடு உள்ளே வருவான், டொக்டருக்கு முதல் வார்த்தையை அவனே சொல்லுவான். தலையிடி என்று மட்டும் சொல்ல விட மாட்டான்.

முடித்துக்கொண்டு நேரே இங்கே வா. என்ன சொன்னார்கள் என்று அண்ணனை விட்டுச் சொல்ல வைக்காதே, எனக்கு அவனில் நம்பிக்கை இல்லை. எனக்கு நன்றாகச் சொல்லுவதாக நினைத்துப் பாதியைக் குறைத்துவிடுவான். நீயே சொல்லு. படலையைத் திறந்ததும் கூப்பிடு. நான் கிணற்றடியில், உன் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்பேன். என் முகத்தை நீ பார்க்க வேண்டியதில்லை, உன் முகத்தை நான் பார்க்க மாட்டேன். எவ்வளவு நேரம் எடுத்தாலும் திரும்ப மாட்டேன்.

சொல்லி முடிந்ததும், "அம்மா, கிறுகுங்க" என்று சொல்லு. அதற்குப் பிறகுதான் பெட்டியைத் திறப்பேன்.

உன் அம்மா